ஓர் ஆளுக்கு ஒரே ஒரு மீன்!

சிரித்த முகமாகப் பிறப்பது லேசான விஷயமில்லை. நான் முன்பு கணக்கு எழுதிக்கொண்டிருந்த கம்பெனியில் ஒரு கேஷியர் இருந்தார். பல் அமைப்பே அப்படி, உதடு மூடாது. சாவு வீட்டுக்குப் போனால்கூட மனுஷர் ஏதோ கல்யாணப் பந்தியில் பாயசத்துக்குக் காத்திருப்பது மாதிரியே இருக்கும். அதனால் துக்கம் விசாரிக்கப் போகும்போதெல்லாம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு போவார். 'பாவம், எப்படி அழுகிறார் பார்' என்று ஜனங்கள் இவரைச் சமாதானப்படுத்துவார்கள்.

டால்பினுக்குத் துண்டு கிடையாது.

அதன் தாடை அமைப்பே அப்படி வளைந்திருக்கிறது. பசித்தாலும் அதே முகம், பயந்தாலும் அதே முகம். செத்துக் கரை ஒதுங்கினாலும் அதே சிரிப்புதான். நாம்தான் 'அய்... நம்மளைப் பார்த்துச் சிரிக்குது!' என்று உருகிப்போய், கையில் இருப்பதை எடுத்து நீட்டிவிடுகிறோம். அந்த நீட்டலில் எவ்வளவு வில்லங்கம் இருக்கிறது என்பதுதான் இந்த வாரச் சமாசாரம்.

எங்கள் எதிர்வீட்டு அண்ணாச்சி (திருநெல்வேலி, கருவூலத்தில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர், முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொடாத சைவம்) பெர்த்தில் இருக்கும் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்திருக்கிறார். வந்ததிலிருந்து தெருவில் யாரைப் பார்த்தாலும் ஒரே குற்றப்பத்திரிகை.

"தம்பி, கேட்டீயளா... மங்கி மியான்னு ஒரு ஊரு. பெர்த்துலேர்ந்து தொள்ளாயிரம் கிலோமீட்டர், காருலயே போனோம். காலங்காத்தால கடக்கரையில போயி நிக்கோம். டால்பின் வந்துட்டு. நமக்கு மீன் வாடையே ஆகாது. இருந்தாலும் பேத்தி ஆசைப்படுதாளேன்னு கையை நீட்டினேன். அந்த ரேஞ்சரம்மா ஒண்ணே ஒண்ணு குடுத்தா பாத்துக்கிடுங்க! இன்னொண்ணு தாம்மான்னா, சிரிச்சிக்கிட்டே 'நோ'ங்கா. அவ்வளவு தூரம் போயிருக்கோம், ஒரு வாளி மீன் குடுத்தா குறைஞ்சா போயிருவாங்க? இதே நம்ம ஊரா இருந்தா..."

வாஸ்தவம். நம்ம ஊராக இருந்தால் வாளி என்ன, அண்டாவே கிடைக்கும். 'வாளி ஐம்பது ரூபாய், போட்டோ நூறு, முத்தம் கொடுத்தால் இருநூறு' என்று போர்டே வைத்திருப்பார்கள்.

நான் பி.காம். எதைப் பார்த்தாலும் நடுவில் கோடு கிழித்து, வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் என்று எழுதிப் பார்க்கிற ரகம். அண்ணாச்சி கையில் கொடுத்த அந்த ஒற்றை மீனுக்குப் பின்னால் முப்பது வருஷத்துக் கணக்கு இருக்கிறது. பேரேட்டைப் புரட்டலாம், வாருங்கள்.

மங்கி மியா இருப்பது மேற்கு ஆஸ்திரேலியாவில், 'ஷார்க் பே' என்கிற சுறா விரிகுடாவின் கரையில். பெயரில்தான் மங்கி. குரங்கு ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் சுறா விரிகுடாவில் சுறா உண்டு. 1699-ல் வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேயக் கடலோடி பார்த்துவிட்டுத்தான் அந்தப் பெயரை வைத்தார். இந்தச் சுறாவைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

1960-களில் அங்கே மீன்பிடிப் படகில் தங்கியிருந்த ஒரு பெண்மணி, படகுப் பக்கம் வந்த டால்பினுக்கு ஒரு மீனைத் தூக்கிப் போட்டார். மறுநாளும் வந்தது. மறுநாளும் போட்டார். இதில் கெட்ட எண்ணம் கடுகளவும் கிடையாது. நாம் காக்காய்க்குச் சோறு வைப்பதில்லையா, அந்த மாதிரி. பிறகு அந்தப் பக்கம் கூடாரம் போட்டுத் தங்கியவர்கள் போட ஆரம்பித்தார்கள். டால்பின்களும் படகை விட்டுவிட்டு நேரே கரைக்கே வரத் தொடங்கின. முழங்கால் தண்ணீரில் மனுஷன், பக்கத்தில் காட்டு டால்பின்! செய்தி பரவியது. கூட்டம் சேர்ந்தது. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் போடலாம் என்ற நிலைமை. வரவுப் பக்கம் பிரமாதம்: தங்கும் விடுதி, கடை, வேலை வாய்ப்பு, உலகப் புகழ். 1991-ல் சுறா விரிகுடா முழுவதுமே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது.

செலவுப் பக்கத்தை யாரும் எழுதவில்லை. காரணம், செலவு செய்தது நாமில்லை. குட்டி டால்பின்.

எப்படி என்று கேளுங்கள்.

டால்பின் மீன் இல்லை. நம்மைப் போலக் குட்டி போட்டுப் பால் கொடுக்கிற ஜீவன். பன்னிரண்டு மாதம் சுமக்கும். பெற்ற பிறகு மூன்று, நான்கு வருஷம், சில சமயம் அதற்கு மேலும் பால் கொடுக்கும். இந்த வருஷங்களில் குட்டி அம்மாவின் வயிற்றுக்குக் கீழேயே ஒட்டிக்கொண்டு நீந்தும். பால், பாதுகாப்பு, பள்ளிக்கூடம் மூன்றும் அங்கேதான்.

பள்ளிக்கூடம் என்று சும்மா சொல்லவில்லை. இதே சுறா விரிகுடாவில் சில பெண் டால்பின்கள், கடலடித் தரையைக் கிளறி மீன் பிடிக்கும்போது மூக்கு கீறிவிடாமல் இருக்க, கடற்பஞ்சு ஒன்றைப் பிய்த்து மூக்கில் தொப்பி மாதிரி மாட்டிக்கொள்கின்றன. 1984-ல் முதன்முதலாகப் பார்த்தார்கள். இந்த வித்தை அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு, முக்கியமாகப் பெண் பிள்ளைக்குப் போகிறது. புத்தகம் கிடையாது, டியூஷன் கிடையாது. கூடவே நீந்தி, பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

இப்போது அந்த அம்மாவைக் கரையில் இலவச மீன் க்யூவில் நிறுத்திப் பாருங்கள். கரையோரம் முழங்கால் ஆழம். அங்கே அம்மாவின் வயிற்றுக்கடியில் குட்டி எப்படி நுழையும்? எப்படிப் பால் குடிக்கும்? முடியாது. அதனால் அம்மா வரிசையில் நிற்கும் நேரமெல்லாம் குட்டி ஆழத்தில் தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கும். ஆழத்தில் யார் இருக்கிறார்? ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே... அவர்தான்.

1982-லிருந்து அங்கே விஞ்ஞானிகள் டால்பின்களை ஒவ்வொன்றாகப் பெயர் வைத்துக் கவனித்து வருகிறார்கள். முதுகுத் துடுப்பில் இருக்கும் வெட்டு, கீறல்தான் அடையாளம். நம் அங்க மச்ச அடையாளம் மாதிரி. ஜேனட் மான் என்ற அமெரிக்கப் பெண்மணியும் அவர் சகாக்களும் வருஷக்கணக்காகச் சேர்த்த குறிப்புகளை வைத்துக் கூட்டிக் கழித்துப் பார்த்தார்கள். கடற்கரையில் மீன் வாங்கித் தின்ற தாய்களின் குட்டிகள், மீன் வாங்காத தாய்களின் குட்டிகளைவிட அதிகமாகச் செத்துப் போயிருந்தன.

அதாவது, நாம் அம்மாவுக்குக் கொடுத்தது இனாம் இல்லை. கடன். வட்டியைக் குழந்தை கட்டியது.

நம் ஊராக இருந்தால் இந்த இடத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்திருப்போம். 'உடனே நிறுத்து' என்று ஒரு கோஷ்டி மறியல். 'எங்கள் பிழைப்பில் மண்ணா?' என்று எதிர் கோஷ்டி உண்ணாவிரதம். மங்கி மியாவில் கணக்குப் பிள்ளை வழியில் போனார்கள். 1990-களின் நடுவில் விதிகளை இறுக்கினார்கள். இன்று நிலவரம் இது:

எல்லா டால்பினுக்கும் மீன் கிடையாது. பொறுக்கி எடுத்த பெரிய பெண் டால்பின்கள் மட்டும், அதிகபட்சம் ஐந்து. ஆண்களுக்கும் குட்டிகளுக்கும் இல்லை. கொடுப்பதும் ஒரு நாள் தேவையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக. மீதி தொண்ணூறு சதவீதத்தைக் கடலில் போய் உழைத்துச் சம்பாதித்துக்கொள்ள வேண்டியது. காலை 7.45-லிருந்து மதியம் 12 மணிக்குள், மூன்று தடவைக்கு மேல் இல்லை. பன்னிரண்டுக்கு மேல் வந்து தலைகீழாக நின்றாலும் கிடையாது. மதியத்துக்குப் பிறகு அவை குட்டியோடு வேட்டைக்குப் போகட்டும் என்றுதான். கூட்டத்தில் சிலரை மட்டும் ரேஞ்சர் கூப்பிடுவார். கூப்பிட்டவர் கையில் ஒரு மீன். தொடக்கூடாது. காலில் சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு தண்ணீரில் இறங்கக்கூடாது, அது டால்பினின் கண்ணைக் கரிக்கும்.

நம் ரேஷன் கடைகூட இவ்வளவு ஒழுங்காக நடந்து நான் பார்த்ததில்லை.

பலன் தெரிந்தது. விதிகளை இறுக்கிய பிறகு பிறந்த குட்டிகள் முன்னைவிட அதிகமாகப் பிழைத்தன. ஆனாலும் கடன் முழுசாகத் தீர்ந்துவிடவில்லை என்கிறது 2013-ல் வெளியான ஆராய்ச்சி. ஒரு மீனுக்காக நின்றாலும் நின்றதுதானே? அந்த நேரத்தில் குட்டிக்குக் கிடைக்கும் தாயின் கவனிப்பு குறையத்தான் செய்கிறது.

சரி, இப்படிக் கணக்குப் பார்க்காமல் இஷ்டத்துக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? அதற்கும் உதாரணம் இருக்கிறது, அமெரிக்காவில். ஃப்ளோரிடா மாகாணம் சரசோட்டா பக்கம், படகுகள் போகும் கால்வாயில், ஒரு பாலத்தருகே ஓர் ஆண் டால்பின் இருபது வருஷத்துக்கும் மேலாகக் குடியிருந்தது. ஜனங்கள் வைத்த பெயர் 'பெக்கர்'. தமிழில், பிச்சைக்காரன். வருகிற படகையெல்லாம் மறித்துத் தலையைத் தூக்கி வாயைத் திறக்கும். நமக்கு டிராஃபிக் சிக்னல் ஞாபகம் வரும்.

2011-ல் ஆராய்ச்சியாளர்கள் நூறு மணி நேரம் உட்கார்ந்து அதை வேடிக்கை பார்த்தார்கள். வேடிக்கை பார்த்தவர்களையும் வேடிக்கை பார்த்தார்கள். அந்த நூறு மணி நேரத்தில் மனிதர்கள் அதோடு ஏதாவது ஒரு விதத்தில் ஒட்டி உறவாடியது சுமார் 3,600 தடவை. சாப்பாடு கொடுக்க முயன்றது 169 தடவை. நீட்டிய அயிட்டங்கள் 520. இறால், கணவாய் சரி. ஹாட் டாக், பழம், பீர்! (பீர் கொடுத்த புண்ணியவான் சைடு டிஷ் கொடுத்தாரா தெரியவில்லை.) தொட்டுப் பார்க்க முயன்றது 121 தடவை. அதில் ஒன்பது பேருக்குக் கடி விழுந்தது.

2012 செப்டம்பரில் பெக்கர் செத்து மிதந்தது. அறுத்துப் பார்த்தார்கள். உடம்பில் நீர்ச்சத்து வற்றியிருந்தது. படகு அடித்த பழைய காயங்கள், உடைந்த விலா எலும்புகள். வயிற்றில் புண், தூண்டில் முள், நரம்பு. டால்பின் தண்ணீர் குடிப்பதில்லை. அதற்கு வேண்டிய நீர் தின்கிற மீனிலிருந்துதான் கிடைக்க வேண்டும். ஹாட் டாக்கில் என்ன நீர் இருக்கும், சொல்லுங்கள்.

பெக்கரைக் கொன்றவர் யார் என்று கேட்டால் யாரைக் கையைக் காட்டுவீர்கள்? எல்லாரும் ஆசையாகத்தான் கொடுத்தார்கள். எல்லாரும் ஒரே ஒரு தடவைதான் கொடுத்தார்கள். கொடுத்தவன் கணக்கில் ஒன்று, வாங்கியவன் கணக்கில் ஆயிரம்.

இத்தனைக்கும் அமெரிக்காவில் காட்டு டால்பினுக்கு உணவு கொடுப்பது சட்டப்படி குற்றம். 1972-ன் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1991-ல் இதற்கென்றே விதி போட்டார்கள். அபராதம் லட்சம் டாலர் வரை போகலாம், ஒரு வருஷம் உள்ளேயும் இருக்கலாம். கையில் ஹாட் டாக்கும் எதிரில் சிரித்த முகமும் இருக்கும்போது சட்டம் யாருக்கு ஞாபகம் வருகிறது? அதே சரசோட்டா டால்பின்களைப் பற்றி 2016-ல் வந்த ஆராய்ச்சி சொல்வது: மனிதரிடம் வாங்கித் தின்னப் பழகிய டால்பின்கள் காயம்படும் வாய்ப்பு மற்றவற்றைவிட அதிகம். படகு என்றால் சாப்பாடு என்று கற்றுக்கொடுத்துவிட்டோம். படகுக்குக் கீழே புரொப்பல்லர் என்ற சமாசாரம் இருப்பதைச் சொல்லித்தரவில்லை.

'நான் ஒன்றும் கொடுக்கிறதில்லை ஸார், தூரத்திலிருந்து பார்க்கிறதோடு சரி' என்கிறீர்களா? பார்க்கிறதிலும் வில்லங்கம் உண்டு. மறுபடியும் சுறா விரிகுடாவுக்கே வாருங்கள். அங்கே டால்பின் காட்ட ஒரே ஒரு டூரிஸ்ட் படகு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது படகும் வந்தது. மீன் போடவில்லை, கல் எறியவில்லை, காட்டுவதோடு சரி. படகுகள் ஓடிய பகுதியில் டால்பின்களின் அடர்த்தி சுமார் 15 சதவீதம் குறைந்துவிட்டது. 2006-ல் இந்த ஆராய்ச்சி வெளியானதும் இரண்டாவது படகின் லைசென்ஸை அரசாங்கம் புதுப்பிக்கவில்லை. நியூஸிலாந்தில் 'பே ஆஃப் ஐலண்ட்ஸ்' என்ற இடத்தில், கூடவே நீந்துகிறேன் பேர்வழி என்று டூரிஸ்ட்டுகள் குதித்துக் குதித்து, டால்பின்கள் சாப்பிடவும் ஓய்வெடுக்கவும் நேரமில்லாமல் போய், எண்ணிக்கை சரிந்தது. 2019-ல் அங்கே அவற்றோடு நீந்துவதற்கே தடை.

ஹவாயில் இன்னும் வேடிக்கை. அங்கே உள்ள 'ஸ்பின்னர்' டால்பின்களுக்கு நைட் ஷிப்ட். ராத்திரி முழுக்க ஆழ்கடலில் வேட்டை, பகலில் அமைதியான குடாக்களில் தூக்கம். நம் டூரிஸ்ட் சரியாகப் பகல் பத்து மணிக்குப் போய், தூங்குகிற டால்பினோடு நீந்துவார். நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுத்தவரை எழுப்பி 'ஒரு செல்ஃபி' என்று கேட்டால் வீட்டில் என்ன நடக்கும்? 2021-லிருந்து அங்கே ஸ்பின்னர் டால்பினுக்கு 50 கஜத்துக்குள் நெருங்கக்கூடாது என்பது சட்டம்.

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். பூரி ஜகந்நாதரைச் சேவிக்கப் போகிற நம்மவர்கள் பாதிப்பேர், அப்படியே ஒரு நடை சிலிகா ஏரிக்கும் போகிறார்கள். அங்கே சத்பாடா என்ற ஊரிலிருந்து மோட்டார் படகு. இருப்பது ஐராவதி டால்பின். நீண்ட மூக்கு கிடையாது, உருண்டைத் தலை, சினிமாவில் வருகிற மாதிரி வளையத்துக்குள் பாய்கிற வேலையெல்லாம் செய்யாது. மூச்சு விட மேலே வரும், முதுகைக் காட்டும், போய்விடும். ஏரி முழுவதற்கும் சுமார் 150 தான். அந்த முதுகு தெரிந்த இடத்துக்கு நாலு பக்கமிருந்தும் படகுகள் பாயும். டால்பின் ஒலியை எழுப்பி, எதிரொலியைக் கேட்டுத்தான் வழியும் இரையும் கண்டுபிடிக்கிறது. தலைக்கு மேல் நாலு டீசல் எஞ்சின் ஓடினால் அது எதைக் கேட்கும்?

படகுக்காரரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. அவரை விரட்டச் சொல்வதே நாம்தான். "இன்னும் கிட்டப் போப்பா, தனியா ஏதாவது போட்டுத் தரேன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வருமே, அது நம் குரல்தான். கோவாவில் சில படகுகளில் 'டால்பின் தெரியாவிட்டால் பணம் வேண்டாம்' என்பதே விளம்பரம். கேட்க நியாயமாக இருக்கிறது. யோசித்துப் பாருங்கள்: காட்டினால்தான் கூலி என்றால், அந்த மனுஷர் விரட்டாமல் என்ன செய்வார்?

எனவே, கடலுக்கோ ஏரிக்கோ போகிறவர்கள் கத்தரித்து மணிபர்ஸில் வைத்துக்கொள்ள:

1. தின்ன எதுவும் போடாதீர்கள். சிப்ஸ் வேண்டாம், மீனும் வேண்டாம். மங்கி மியா மாதிரி, ரேஞ்சர் நின்று அளந்து கொடுக்கும் இடமென்றால் அவர் சொன்னபடி. அங்கேயும் 'இன்னொண்ணு' கேட்காதீர்கள்.

2. படகை ஐம்பது மீட்டர் தள்ளியே நிறுத்தச் சொல்லுங்கள். ஆஸ்திரேலியாவின் விதி அதுதான். அமெரிக்காவின் ஐம்பது கஜமும் கிட்டத்தட்ட அதுவே. அதற்குமேல் நெருங்கி வருவதா வேண்டாமா என்பது டால்பின் இஷ்டம்.

3. குட்டியோடு இருந்தால் இன்னும் தள்ளி. நடுவில் புகுந்து தாயையும் பிள்ளையையும் பிரிக்கவே கூடாது.

4. முன்னால் போய் மறிக்காதீர்கள், சுற்றி வளைக்காதீர்கள். ஏற்கெனவே படகுகள் நின்றால் உங்கள் முறை வரட்டும்.

5. அரை மணி போதும். விருந்தாளிக்கு அழகு, நேரத்தோடு கிளம்புவது.

நம் மீனவர்கள் டால்பினை 'ஓங்கில்' என்பார்கள். மன்னார் வளைகுடாவிலும் ஓங்கில்கள் உண்டு. வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலிக்கும் யானைக்கும் உள்ள அதே அந்தஸ்து இதற்கும் உண்டு. புலிக்கு யாரும் ஹாட் டாக் நீட்டுவதில்லை. புலி சிரிப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைசியாக ஒரு கணக்கு யோசனை. படகுக்காரருக்கு டிப்ஸ் கொடுக்கிற வழக்கத்தை நிறுத்த வேண்டாம். அவருக்கும் பிள்ளைகுட்டி உண்டு. எதற்குக் கொடுக்கிறோம் என்பதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். டால்பின் தெரிந்ததும் தூரத்திலேயே எஞ்சினை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார் பாருங்கள், அதற்காக ஐம்பது ரூபாய் கொடுங்கள். எதற்குக் கொடுக்கிறீர்கள் என்பதையும் சத்தமாகச் சொல்லுங்கள். பக்கத்துப் படகுக்காரர் காதிலும் விழட்டும். அடுத்த சவாரியில் இரண்டு எஞ்சின் அணையும்.